இ-ஃபைலிங்: பக்கங்களை வாங்கிக்கொள்கிறது, தேதியைத் தருகிறதா?

மனுக்களை இணையவழியில் தாக்கல் செய்ய உதவும் நீதிமன்ற இ-ஃபைலிங் சேவையைப் பற்றி இதுவரை வந்துள்ள பாராட்டுகளும் புலம்பல்களும் பெரும்பாலும் ஸ்கேன் செய்வதிலுள்ள சிரமம், ஓடிபி வராத எரிச்சல், பயணம் மிச்சமான நிம்மதி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் மேல்முறையீடுகளையே நடத்திவரும் ஒரு மாவட்ட வழக்கறிஞர் என்ற முறையில் நான் இதை அளக்க எடுத்துக்கொள்ளும் கோல் வேறு. மேல்முறையீட்டாளர் இந்தச் சேவையிடம் கேட்பது ஒரு தேதி மட்டுமே. இன்ன நாளில் என் மேல்முறையீடு நீதிமன்றத்தை வந்தடைந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு மறுக்க முடியாதபடி காட்டும் சான்று கிடைத்தால் சேவை நன்று. கிடைக்காவிட்டால் மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் அவற்றால் பயனில்லை.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் வழக்குகளில் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டுக்கு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்குச் செல்வதற்கு 30 நாள். இந்தக் கெடு தாண்டிவிட்டால், எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு. போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க 5-ஆம் பிரிவு வழிசெய்கிறது. சாதாரண உரிமையியல் மேல்முறையீட்டில் அந்த மன்னிப்புக்கு உச்ச வரம்பு கிடையாது. திவால் சட்டம் போன்ற சிறப்புச் சட்டங்களில் நிலைமை வேறு. 30 நாளுக்குள் மேல்முறையீடு, தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 15 நாள், அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டுவிடும். ஆகவே 45-ஆம் நாளுக்கும் 46-ஆம் நாளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் வழக்கின் உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வித்தியாசமாகிவிடுகிறது.

காகிதக் காலத்தில் இந்தத் தேதியைக் கொடுத்தது ஒரு முத்திரை. குமாஸ்தா கேஸ் கட்டைத் தாக்கல் கவுன்டரில் நீட்டுவார், ஊழியர் முதல் பக்கத்தில் தேதி முத்திரையைக் குத்துவார், மை காயுமுன்னே கட்டு உள்ளே போய்விடும். பிற்பாடு எத்தனை குறை சொல்லித் திருப்பினாலும் அந்த முத்திரை அழிவதில்லை. கட்டு திரும்பி வரும்போதெல்லாம் அதை முதலில் தொட்டுப் பார்க்கும் பழைய குமாஸ்தாக்களை நான் அறிவேன்.

அந்த முத்திரையின் இடத்தில் இப்போது வந்திருப்பது ஒரு வரிசை. கணக்கில் நுழைய வேண்டும், வழக்கின் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தரப்பினர் விவரங்களை நிரப்ப வேண்டும், பிடிஎஃப் கோப்புகளை ஏற்ற வேண்டும், நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும், ஆதார் ஓடிபி மூலமோ டிஜிட்டல் கையொப்பக் கருவி மூலமோ கையொப்பமிட வேண்டும், கடைசியாகச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகு ஒரு குறிப்பு எண் வருகிறது. நீதிமன்றத்தின் பதிவுத்துறை சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே வழக்கு எண் வருகிறது. இந்த வரிசையில் எந்தப் புள்ளியில் மேல்முறையீடு ‘தாக்கலானது’ என்பதுதான் வழக்காடத்தக்க கேள்வி.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 13-ஆம் பிரிவு இதற்கு ஒரு பொது விடை வைத்திருக்கிறது. ஒரு மின் ஆவணம் அனுப்பியவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட கணினி அமைப்பில் நுழையும்போது அனுப்பப்பட்டதாகவும், பெறுபவர் இதற்கென்று குறித்துச் சொன்ன கணினி அமைப்பில் நுழையும்போது பெறப்பட்டதாகவும் கொள்ளப்படும். காகித நகல் எப்போது போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. ஆனாலும் தீர்ப்பாயங்கள் நெடுங்காலம் இரட்டைக் குதிரையில் சவாரி செய்தன; மின்வழியிலும் தாக்கல் செய், காகிதத்திலும் கொண்டுவா என்றன. அப்படியிருக்கையில் எந்தத் தேதி கணக்கு?

இதற்குச் சரியான சோதனையாக அமைந்தது 2023 மே 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஏபிஜி லாஜிஸ்டிக்ஸ் வழக்கு. கம்பெனி, திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2022 ஆகஸ்ட் 26 அன்று உத்தரவிட்டது. திவால் சட்டத்தின் 45 நாள் உச்ச வரம்பே இங்கும் கெடு. மேல்முறையீடு அக்டோபர் 10 அன்று மின்வழியில் தாக்கலானது. காகிதப் பிரதி அக்டோபர் 31 அன்று போய்ச் சேர்ந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவு வந்த நாளையும் சேர்த்து எண்ணி, 46-ஆம் நாள் என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: உத்தரவு வந்த நாளைக் கழித்தால் ஆகஸ்டில் ஐந்து நாள், செப்டம்பரில் முப்பது, அக்டோபரில் பத்து, மிகச் சரியாக 45. அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட்டும் நீதிபதி ஜே.பி. பர்திவாலாவும் அடங்கிய அமர்வு, முதல் நாளைக் கழித்தே எண்ண வேண்டும் என்றும், மின்வழியில் தாக்கலான நாளே கணக்கு என்றும் சொல்லி மேல்முறையீட்டை உயிர்ப்பித்தது.

அத்தீர்ப்பின் பின்னணியில் இருந்த சுற்றறிக்கைகளின் கதை சேவைத் தரம் பற்றிய மதிப்புரைக்குத் தனியாகவே பொருந்தும். 2022 அக்டோபர் 21 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பதிவாளர், நவம்பர் 1 முதல் நேரில் தாக்கல் செய்யும் நாளையே காலவரம்புக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தார். இரண்டு மாதம் கழிந்து டிசம்பர் 24 அன்று அது மாற்றப்பட்டு, மின்வழித் தாக்கல் நாளே கணக்கு, காகிதப் பிரதியை ஏழு நாளுக்குள் தர வேண்டும் என்று வந்தது. மின்வழியில் ஏற்றுக்கொண்ட பிறகும் காகிதத்தைக் கேட்பது ஏன் என்று விளங்கவில்லை என்றும், மின் கோப்புகளில் பழக்கமில்லாத நீதிபதிகள் இருந்தால் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே வழி, பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பதன்று என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் மேசையருகே அடுக்கியிருக்கும் காகிதப் பிரதிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பகுதி எனக்கு நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னது தாக்கல் செய்பவருக்குச் சாதகமான பக்கம். ஆனால் மின்வழிப் பரிமாற்றம் இரு திசைகளில் நடக்கிறது. நாம் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறோம். நீதிமன்றமும் தன் உத்தரவைத் தளத்தில் ஏற்றி நமக்குத் தருகிறது. நாம் ஏற்றிய நாள் நமக்குக் கணக்கு என்றால், நீதிமன்றம் ஏற்றிய நாளிலிருந்துதானே நம் கெடு தொடங்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பு பொய்த்த வழக்கு ஒன்று சென்னையிலிருந்தே போயிற்று.

எஸ்கேஎஸ் இஸ்பாத் வழக்கில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு 2019 டிசம்பர் 31 அன்று திறந்த மன்றத்தில் உத்தரவைச் சொன்னது. அந்த உத்தரவு தளத்தில் ஏறியது 2020 மார்ச் 12 அன்று. திருத்திய பிரதி மார்ச் 20 அன்று ஏறியது. மேல்முறையீடு ஜூன் 8 அன்று தாக்கலாயிற்று. திவால் சட்டத்தின் கீழ் கெடு, உத்தரவு சொல்லப்பட்ட நாளிலிருந்தே ஓடும். சரியான நகல் என்று தீர்ப்பாயமே சான்றளித்துத் தரும் சான்றிட்ட நகலுக்கு உடனே மனுப் போடாமல், தரப்பினருக்குத் தீர்ப்பாயம் தரும் இலவசப் பிரதிக்காகவோ தளத்தில் ஏறுவதற்காகவோ காத்திருந்தவருக்கு அந்த நாட்களைக் கழித்துத் தர முடியாது என்று 2021 அக்டோபர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நெஞ்சு பதைக்கும். டிசம்பர் 31-க்குப் பிறகு 45 நாள் என்பது பிப்ரவரி 14. அதாவது உத்தரவின் எழுத்து வடிவம் தளத்தில் தலைகாட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே கெடு முழுதும் கரைந்துபோயிருந்தது.

இதன் கூர்மையைச் சற்று மழுக்கியது 2023 டிசம்பரில் வந்த விஸ்ட்ரா ஐடிசிஎல் வழக்கின் தீர்ப்பு. அதில் 2023 மே 17 அன்று விசாரணை நடந்தது, ஆனால் மன்றத்தில் உத்தரவு எதுவும் சொல்லப்படவில்லை. மே 17 என்ற தேதியைத் தாங்கிய உத்தரவு மே 30 அன்றுதான் தளத்தில் ஏறியது. ஜூலை 10 அன்று மின்வழியில் தாக்கலான மேல்முறையீடு, மே 17-இலிருந்து எண்ணினால் 54-ஆம் நாள், மே 30-இலிருந்து எண்ணினால் 41-ஆம் நாள். மன்றத்தில் சொல்லப்படாத உத்தரவுக்குத் தளத்தில் ஏறிய நாளே தொடக்கம் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, உத்தரவுத்தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கும் தேதியை மட்டும் நம்பக் கூடாது. அன்று மன்றத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவைக்க வேண்டும். நான் இப்போது விசாரணை முடிந்த மறுநாளே நகல் மனுவைப் போட்டுவிடுகிறேன். உத்தரவு தளத்தில் ஏறுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

இனி என் சொந்த அனுபவம். நீதிமன்றத்தின் பெயரும் ஊரும் வேண்டாம். கெடுவின் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குக் கட்சிக்காரர் சான்றிட்ட நகலோடு வந்தார். “ஐயா, இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு” என்றார். நகலின் பின்பக்கத்தில் அது தயாரான தேதி வேறாக இருந்தது, அதைப் பற்றிப் பேச நேரமில்லை. நீதிமன்ற வாசலுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஜூனியரோடு போனேன். அந்தக் கடையில் இப்போது ஜெராக்ஸைவிட ஸ்கேன்தான் ஓடுகிறது. ஸ்கேன் செய்து, பக்க எண் போட்டு, எழுத்தைத் தேடத்தக்க பிடிஎஃப்-ஆக மாற்றி, வேண்டிய பக்கத்துக்குத் தாவும் சுட்டிகள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 212 பக்கம். பழைய விற்பனைப் பத்திரம் ஒன்றில் முத்திரைத்தாளின் ஓரம் மடங்கியிருந்ததால் அதை மட்டும் மூன்று முறை ஸ்கேன் செய்தார்கள். கடைக்காரர் அடைக்கும் நேரம் தாண்டியும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை இங்கே நன்றியோடு பதிவு செய்கிறேன்.

கட்டணம் செலுத்தியாயிற்று. கையொப்பத்துக்கான ஓடிபி என் கைபேசிக்கு வரவில்லை. இரண்டாவது முறை கேட்டபோது இரண்டும் சேர்ந்து வந்தன; எது புதியது என்று தெரியாமல் முதலில் பழையதைப் போட்டுத் தொலைத்தேன். “சார், கீழே இருக்கறதுதான் புதுசு” என்று ஜூனியர் சொன்ன பிறகு சரியாயிற்று. சமர்ப்பித்ததும் குறிப்பு எண்ணோடு ஒப்புகைப் பக்கம் வந்தபோது மணி இரவு 11.52. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன், கடையிலேயே அச்சிட்டும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அது திருப்பப்பட்டது. காரணம், தட்டச்சுப் பிரதி இணைக்கப்படாத ஒரு கைப்பட எழுதிய ஆவணம். நியாயமான குறைதான். சரிசெய்து மீண்டும் சமர்ப்பித்ததும் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தாக்கல் தேதி என்ற இடத்தில் மறுதாக்கல் செய்த நாள் உட்கார்ந்திருந்தது. முதல் தேதி எங்கும் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தையே அச்சிட்டுக் கொண்டுவந்து, மேல்முறையீடு காலம் கடந்தது என்று ஆட்சேபித்தார். அவர்மீது எனக்குக் குறையில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இரவு 11.52 என்று அச்சான ஒப்புகைத் தாளும் குறுஞ்செய்தியும்தான் என்னைக் காப்பாற்றின. நீதிபதி அவற்றைப் பார்த்துவிட்டு ஆட்சேபத்தை ஒதுக்கினார். காகிதக் கட்டாக இருந்திருந்தால் இந்த வாதமே எழுந்திராது; முதல் பக்கத்தில் முத்திரை சிரித்துக்கொண்டிருந்திருக்கும்.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. தாக்கலில் ஏற்படும் தாமதமும் மறுதாக்கலில் ஏற்படும் தாமதமும் வேறு வேறு. முன்னதற்குக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் மனு. பின்னதற்கு நம் ஊர்ப் பக்கத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின் கீழ் மனு, அதை நீதிமன்றங்கள் தளர்வாகவே பார்க்கும். நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் தரும் தீர்ப்பை எதிர்க்கும் மனுவுக்கான கடுமையான கெடுகூட மறுதாக்கல் தாமதத்துக்குப் பொருந்தாது என்று பயனியர் பப்ளிசிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது மேல்முறையீடு அன்று, ஆயினும் கொள்கை ஒன்றே. அப்படியிருக்க, திரையில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனியே இரண்டு கட்டங்கள் வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்? 2023-இல் 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற, நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத் திட்டத்தில் இதற்கொரு வரி இருந்தால் போதும்.

இந்தச் சலுகையைச் சிலர் தவறாகவும் பயன்படுத்துகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். கெடு முடியும் இரவில் நாலு பக்கத்தை ஏற்றிக் குறிப்பு எண்ணை வாங்கிவிட்டு, முழு மனுவையும் ஆவணங்களையும் பிற்பாடு ‘குறை தீர்ப்பு’ என்ற பெயரில் சேர்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் இதை எதிர்த்து, அப்படிப்பட்ட தாக்கல் தாக்கலே ஆகாது என்ற ஒரு கோட்பாட்டை நடுவர் மனுக்களில் வளர்த்தெடுத்தது. 2025 பிப்ரவரியில் அதன் முழு அமர்வு, எதிர்க்கப்படும் நடுவர் தீர்ப்பையே இணைக்காமல் தாக்கல் செய்தால் அது கணக்கில் வராது என்றது. மின்வழியில் இடம்பிடிப்பது எளிது என்பதாலேயே, உள்ளே என்ன இருந்தது என்று நீதிமன்றங்கள் முன்பைவிடக் கூர்ந்து பார்க்கின்றன. நம் ஊரில் மேல்முறையீட்டு மனுவோடு எதிர்க்கப்படும் தீர்ப்பின் நகலும் வக்காலத்தும் முதல் ஏற்றத்திலேயே இருந்தாக வேண்டும் என்று என் ஜூனியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

விடுமுறை நாள் பற்றிய கேள்வி இன்னும் முழுமையாகத் தீரவில்லை என்பது என் கருத்து. கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்கிறது காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. ஞாயிற்றுக்கிழமையிலும் தளம் திறந்தே இருக்கிறதே, பிறகு நீதிமன்றம் மூடியிருப்பதாக எப்படிச் சொல்ல முடியும் என்று ஒருவர் கேட்கலாம். அப்பிரிவின் விளக்கவுரை வழக்கமான வேலை நேரத்தைப் பற்றிப் பேசுவதால், தளம் விழித்திருப்பது நீதிமன்றம் திறந்திருப்பதாகாது என்றே நான் வாதிடுவேன். ஆனால் மன்னிக்கத்தக்க கூடுதல் நாட்கள் விடுமுறையில் முடிந்தால் 4-ஆம் பிரிவு கைகொடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் நடுவர் சட்ட வழக்குகளில் 2012-இலும் 2025 ஜனவரியிலும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட நாட்களில் விடுமுறையிலும் இயங்கும் இந்தத் தளத்தை ஒரு வரமாகக் கருதிப் பயன்படுத்திக்கொள்வதே பிழைக்கத் தெரிந்தவர் செய்யும் வேலை.

தளமே முடங்கிப்போனால்? இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடம் இதுவே. நீதிமன்றக் கணினிமயத்தைக் கவனிக்கும் உச்ச நீதிமன்ற இ-கமிட்டியின் மாதிரி விதிகள், இணையவழித் தாக்கல் வசதி செயலிழந்தது என்ற காரணத்தைக் காட்டிக் காலவரம்பிலிருந்து விலக்குக் கேட்க முடியாது என்ற போக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கடையைத் திறந்துவைத்தவர், கதவு திறக்காவிட்டால் பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று பலகை மாட்டுவது போன்றது இது. சாதாரண மேல்முறையீட்டில் பிழைச் செய்தியின் படத்தைக் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்; சிறப்புச் சட்டங்களில் அதற்கும் எல்லை உண்டு.

ஒப்பீட்டுக்காக அமெரிக்காவைப் பார்த்தால், அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் மின்வழித் தாக்கலுக்கு நள்ளிரவு வரை நேரம் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் 2015-இல் இரண்டாவது சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், கட்டணத்தைச் செலுத்திவிட்டுக் கடைசித் திரையை முடிக்காமல் விட்ட வழக்கறிஞரின் மேல்முறையீடு காலம் கடந்ததாகத் தள்ளுபடியானது. அதற்கு மாறாக 2007-இல் ஏழாவது சர்க்யூட், தவறான வழக்கு எண்ணின் கீழ் ஏற்றியதால் கணினி ஏற்க மறுத்த ஒரு மனுவை, எழுத்தர் மறுக்கக் கூடாததை மென்பொருளும் மறுக்க முடியாது என்று காலத்துக்குள் வந்ததாகவே கொண்டது. கட்டண ரசீது தாக்கலுக்குச் சான்றாகாது என்ற பாடம் நமக்கும் அப்படியே பொருந்தும். பணம் போய்விட்டது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப்போன இளம் வழக்கறிஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொத்தத்தில், உள்ளூரிலிருந்தே உயர் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்ய வைத்ததற்காக ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தேதியைத் தெளிவாகக் காட்டுவதில் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கெடுவுக்கு மூன்று நாள் முன்னதாகத் தாக்கல் செய்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கடைசி இரவில் வருபவர்கள் ஒப்புகைப் பக்கத்தை நேரம் தெரியும்படி அச்சிட்டு, கேஸ் கட்டின் முதல் பக்கமாகக் கோத்து வைத்துக்கொள்ளட்டும். எதிர்க் கடையில் அதற்கு ஐந்து ரூபாய் வாங்குகிறார்கள்.